நெல்லையில் கடல்மீன் தொட்டி: நல்ல தண்ணீரில் தொடங்கி முதல் மீன் வரை

இங்கே சொல்லும் அளவுகள் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கானவை. கீழே வைக்கும் சம்ப் என்னும் இரண்டாவது தொட்டியையும் சேர்த்து ஏறக்குறைய 220 லிட்டர் தண்ணீர் ஓடும். இதைவிடச் சிறியதில் தொடங்கினால் விலைதான் குறையும். ஒரு மீன் கல்லிடுக்கில் செத்துக் கிடந்தால் 50 லிட்டர் தண்ணீர் சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும். 220 லிட்டர் இரண்டு நாள் தவணை கொடுக்கும். பவளம் வளர்ப்பது இதில் வராது. மீன், இறால், நத்தை மட்டும்தான். காரணம் 6-ஆம் பகுதியில் இருக்கிறது.

புதிதாக இறங்குபவர்கள் முதல் வாரம் தொட்டி வாங்குகிறார்கள், இரண்டாம் வாரம் மீன் வாங்குகிறார்கள், தண்ணீரைப் பற்றி மூன்றாம் வாரம்தான் யோசிக்கிறார்கள். திருச்செந்தூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்ற தைரியம். கடல் உப்பு கடையில் கிடைக்கும். எதுவுமே கலக்காத தண்ணீர்தான் இந்த ஊரில் லேசில் கிடைக்காது. அதனால் வேலை அங்கிருந்து தொடங்குகிறது. தண்ணீருக்கு வழி செய்வதிலிருந்து முதல் மீன் தொட்டிக்குள் போகும்வரை 10 முதல் 12 வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. உப்பில்லாத தண்ணீர்

இலக்கு: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0. போர் தண்ணீரில் கால்சியம், நைட்ரேட், சிலிக்கேட் எல்லாம் இருக்கும். தொட்டியில் தண்ணீர் ஆவியாக ஆக, இவை மட்டும் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பாசி பிடிக்கிறது, மருந்து ஏதாவது உண்டா என்று கேட்பவர்களின் தொட்டியில் பாதிக்குமேல் கோளாறு இதுதான். ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். தாமிரபரணித் தண்ணீரில் கரைந்த உப்பு போரைவிட மிகக் குறைவு. ஆனால் அதில் குளோரின் இருக்கும். அதையும் அப்படியே ஊற்ற முடியாது.

வீட்டு ஆர்.ஓ. மெஷினே போதுமா? மெம்பிரேன் நன்றாக இருந்தால் 100-க்கு 95 பங்கு உப்பைத் தடுக்கும். 1200 டி.டி.எஸ். போர் தண்ணீர் 60 ஆகி வரும், 0 ஆகாது. மேலும் குடிதண்ணீர் மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்றும் மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கும். அந்தத் திருகை முழுக்க மூடி, மெம்பிரேனிலிருந்து வரும் குழாயில் டீ வடிவ இணைப்பு போட்டுத் தனியாக ஒரு குழாய் இழுங்கள். அந்தக் குழாயில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் சேர்த்தால் மீட்டர் 0 காட்டும்.

மெஷினை ஓட்டியதும் வரும் முதல் லிட்டரைப் பிடிக்காதீர்கள். நின்றிருந்த நேரத்தில் மெம்பிரேன் வழியே உப்பு கசிந்திருக்கும். அதை ரெசின் வழியே அனுப்பினால் ரெசின் சீக்கிரம் தீரும். வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். சூடான தண்ணீரில் மெம்பிரேன் அதிக உப்பை விட்டுவிடும் என்பதால் விடியற்காலையில் பிடித்து வையுங்கள்.

கேன் தண்ணீர் வேண்டாம்; அதில் மினரல் சேர்த்திருப்பார்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் மீட்டரில் நல்லதாகத்தான் தெரியும். ஆனால் அது செம்புக் குழாயைத் தொட்டு வருகிறது. இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம்.

2. இடம், கரண்ட், சூடு

தொட்டி, தண்ணீர், கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து எடை 400 கிலோவை நெருங்கும். தரைத்தளம் நல்லது. மாடி என்றால் அறையின் நடுவில் வைக்காமல், பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். மேற்கு வெயில் விழும் சுவர் ஆகாது. பட்டாசலில் டி.வி. பக்கம் வைக்க எல்லாருக்கும் ஆசை இருக்கும். பூஜை அறைக்கும் அடுக்களைக்கும் எதிரே மட்டும் வேண்டாம். ஸ்கிம்மர் என்னும் நுரை வடிகட்டி அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். சாம்பிராணிப் புகை, தாளிப்பு எண்ணெய்ப் புகை எல்லாம் அதோடு போகும். கொசு லிக்விட் அந்த அறையில் கூடவே கூடாது. அதிலுள்ள பைரித்ராய்டு மருந்து மனுஷனைவிட மீனைப் பல மடங்கு பாதிக்கும்.

தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அறையே 34 டிகிரிக்குப் போகும். தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் அதிகம் வேண்டும். தண்ணீர்ப் பரப்பில் சின்ன ஃபேன் வீசினால் 2, 3 டிகிரி இறங்கும். ஆனி, ஆடி மேல்காற்றில் காற்று காய்ந்திருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். அடைத்த அறையில் புழுக்கம் கூடினால் செய்யாது. கோடைக்கு ஃபேனை மட்டும் நம்ப முடியாது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் 1/10 குதிரைத்திறன் போதும். அதன் வெப்பக்காற்று வெளியே போக வழி இருக்க வேண்டும். ஸ்டாண்டு அலமாரிக்குள் சில்லரை வைத்துக் கதவைச் சாத்தினால், தான் தள்ளிய சூட்டைத் தானே உறிஞ்சிக்கொண்டு நிற்காமல் ஓடும்.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் போனால் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். மீன் பட்டினியால் சாகாது. தண்ணீர் அசையாமல் நின்றால் மூச்சடைத்துச் சாகும். எனவே விளக்கும் சில்லரும் இன்வெர்ட்டருக்கு வேண்டாம். தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் ஒன்றும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டாரும் மட்டும் போதும். டி.சி. மோட்டார் வாங்கினால் இரண்டும் சேர்ந்து 40 வாட்டில் அடங்கும்; வீட்டிலிருக்கும் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 10 மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டார் உறுமும், சூடாகும், சீக்கிரம் எரியும். சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்குப் போகும் லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். உப்புத்தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

3. கண்ணாடியும் ஸ்டாண்டும்

கண்ணாடி 10 மி.மீ., மேல்விளிம்பில் சுற்றிலும் 2 அங்குலப் பட்டி. பட்டி இல்லாவிட்டால் நீளப் பக்கம் நடுவில் பிதுங்கும். அந்த இழுப்பு முழுவதும் சிலிக்கான் ஒட்டில் விழும். ஒட்டுவதற்கு வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிக்கான்தான் வேண்டும். பாத்ரூமுக்கு விற்கும், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கான் மீனைக் கொல்லும். கண்ணாடிக் கடையில் கையிலிருக்கும் டியூப்பை எடுத்து ஒட்டிவிடுவார்கள். டியூப்பைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

குழாய்க்கு ஓட்டை போட வேண்டியதை ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். டஃபன்ட் கண்ணாடியில் ஓட்டை போட முடியாது. டிரில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, வெளி வாசலில் சமதளத்தில் வைத்து நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். அடியில் பேப்பர் விரித்தால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் தெரிந்துவிடும்.

இரும்பு ஸ்டாண்டு உப்புக்கு இரண்டே வருடத்தில் துரு ஏறும். பவுடர் கோட்டிங் செய்தாலும் வெல்டிங் மூலையில் தொடங்கிவிடும். செங்கல் வைத்துக் கட்டி மேலே கடப்பாக் கல் போடுவது மலிவு, உறுதி, துருவும் இல்லை. பிற்பாடு நகர்த்த முடியாது என்பது ஒன்றுதான் குறை. ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார்த்துவிட்டு, கால் அங்குல ஃபோம் ஷீட் விரித்துத் தொட்டியை ஏற்றுங்கள். கல்லில் ஒரு சின்ன மேடு இருந்தாலும், எடை ஏறியதும் கண்ணாடி அந்த இடத்தில் தெறிக்கும்.

4. சம்ப்பும் குழாயும்

வீட்டுத் தரையில் தண்ணீர் ஓடுவது பெரும்பாலும் இந்தப் படியில் விட்ட தவறால்தான். பொறுமையாகப் படியுங்கள்.

சம்ப் என்பது கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி. 75 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 38 உயரம். மூன்று அறை. முதலில் குழாய் விழும் இடமும் வடிபையும், நடுவில் ஸ்கிம்மர், கடைசியில் ரிட்டர்ன் மோட்டார். நடு அறையில் மட்டம் மாறாமல் 20 சென்டிமீட்டரில் நிற்கத் தடுப்புக் கண்ணாடி வேண்டும். மட்டம் ஏறி இறங்கினால் ஸ்கிம்மர் ஒரு நாள் நுரையே தராது, மறுநாள் கோப்பை வழிய ஊற்றும்.

மோட்டார் நின்றதும் என்ன நடக்கும்? ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால், அது சைஃபனாக மாறி மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். வாய் காற்றைத் தொடும்வரை நிற்காது. இந்தத் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 5 லிட்டர் கீழே வரும். வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 50 லிட்டர், குழாய்களில் நிற்பது இன்னும் இரண்டு மூன்று லிட்டர். சம்ப்பில் காலியாக இருப்பது 40 லிட்டர்தான். மீதி பட்டாசலில் ஓடும், அதுவும் கரண்ட் போன இருட்டில்.

ஆகவே ரிட்டர்ன் வாயை மட்டத்துக்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே மட்டும் வையுங்கள். 15 லிட்டரோடு நின்றுவிடும். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாயிற்றே என்று ஆழமாக வைப்பவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் அந்த வால்வில் நத்தைக் குஞ்சோ மணலோ சிக்கி மூடாமல் போகும். வால்வு இருந்தாலும் இல்லை என்று நினைத்தே கணக்குப் போடுங்கள்.

இறங்கும் குழாய் 1 அங்குல பி.வி.சி., அதே அளவில் பக்கத்திலேயே அவசரத்துக்கு இன்னொன்று. இரண்டாவதின் வாய் 2 சென்டிமீட்டர் உயரத்தில் சும்மா நிற்கும். முதல் குழாயை நத்தை அடைத்துக்கொண்டால் அது வேலை செய்யும். மோட்டார் மணிக்கு 1000 லிட்டர் தந்தால் போதும், ஆனால் அது மேலே வந்து சேரும் அளவு. பெட்டியில் போட்டிருப்பது உயரமே ஏறாத கணக்கு; நாலடி ஏறுவதற்குள் நன்றாகக் குறையும். 1800, 2000 என்று போட்டதைப் பாருங்கள்.

தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றுவது ரிட்டர்ன் மோட்டாரின் வேலையில்லை. அதற்கு மணிக்கு 2000 லிட்டருக்கு மேல் தள்ளும் வேவ்மேக்கர் இரண்டு, எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில்.

பித்தளை வால்வு, ஜி.ஐ. நிப்பிள், இரும்பு ஹோஸ் கிளிப் எதுவும் தண்ணீரைத் தொடக் கூடாது. எல்லாம் பி.வி.சி., பிளாஸ்டிக். ஒட்டி ஒரு நாள் கழித்து நல்ல தண்ணீரில் ஓட்டி, பத்து முறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அணைத்ததும் சம்ப்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று வெளியே டேப் ஒட்டிக் குறியுங்கள். ஓடும்போது நிற்கும் மட்டத்துக்கு இன்னொரு டேப். இனி எந்நாளும் அந்த இரண்டாவது டேப்புக்கு மேல் நிரப்பக் கூடாது.

5. உப்பு கலப்பது

தூத்துக்குடி உப்பளத்து உப்பு கடலிலிருந்து வந்ததுதானே என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் தவறாமல் வரும். பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது கால்சியம் உப்புகள் முதலில் படிந்துவிடும். அடுத்துச் சோடியம் குளோரைடு படியும்; அதைத்தான் வாருகிறார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிக் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். மூட்டையில் இருப்பது சமையல் உப்பு. அதில் மீன் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், வாழாது. மீன்தொட்டிக்கென விற்கும் கலவை உப்பே வேண்டும்.

கடல் தண்ணீரையே கொண்டுவரலாமா? தெளிந்த நாளில் படகில் உள்ளே போய் எடுத்தால் பயன்படும். குளிக்கும் கரையில் எடுத்தது ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணி புன்னைக்காயல் பக்கம் கலங்கிக் கலக்கும். அப்போது கடலோரத் தண்ணீரில் உப்பும் குறையும், சேறும் இருக்கும். எடுத்ததை இருட்டில் இரண்டு வாரம் மூடி வைத்துத் தெளியவிட வேண்டும். 220 லிட்டரைச் சுமக்கும் பெட்ரோலைக் கணக்குப் பார்த்தால் கலவை உப்பே மேல்.

உணவுக்கான பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, மோட்டார் சுழலும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் செறிவு கூடிக் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும், திரும்பக் கரையாது. லிட்டருக்கு 37 கிராம், 220 லிட்டருக்கு 8 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு நாள் முழுக்கச் சுழலட்டும். மறுநாள் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அடர்த்தியில் 1.026 வர வேண்டும். அந்தக் கருவியை நல்ல தண்ணீரில் 0 வைத்தால் மட்டும் போதாது. 35 பிபிடி திரவத்தில் சரிபார்க்காவிட்டால் மேல்பக்கம் 2, 3 தவறும்.

6. கல், மணல்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் உள்ளன, கடல்குதிரையும் அப்படியே. கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லானாலும் எடுப்பதும் வாங்குவதும் குற்றம். யாராவது மலிவாக மூட்டை கட்டித் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

செயற்கையாகச் செய்த நுண்துளைக் கல் 20 முதல் 25 கிலோ வாங்குங்கள். பாக்டீரியா குடியிருக்கத் துளை வேண்டும். தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணீரைக் கெடுக்காவிட்டாலும் இறுகிய கல், உள்ளே துளையில்லை. அழகுக்கு ஒன்று வைக்கலாம், அவ்வளவுதான்.

கடற்கரை மணலை அள்ளாதீர்கள். உவரி, கூடங்குளம் பக்கத்து மணலில் இல்மனைட், கார்னெட் என்னும் கனிமங்கள் கலந்திருக்கும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணலருகில் கொண்டுபோனால் கரும்பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதோடு துடைத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல். அதே பொடி வேவ்மேக்கர் ரோட்டரையும் தேய்த்துவிடும். கடையில் விற்கும் அரகோனைட் மணல் 20 கிலோ போதும்.

கல் முதலில், மணல் பிறகு. மணலைப் போட்டுவிட்டு அதன்மேல் கல்லை அடுக்கினால், கோபி மீன் அடியில் பள்ளம் பறிக்கும், கல் சரிந்து கண்ணாடியில் விழும்.

7. சைக்கிள் முடியும்வரை காத்திருப்பது

மீன் கழிவு அமோனியா ஆகும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். இதைத்தான் சைக்கிள் என்கிறோம். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லில் குடியேற 4 முதல் 6 வாரம். மீனை விட்டு இதைத் தொடங்கக் கூடாது. கடல்நீரின் பி.ஹெச். 8.2 அளவில் இருப்பதால், அதே அமோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே கடுமையான விஷம்.

அமோனியம் குளோரைடு 1.4 கிராம் கரைத்து ஊற்றினால் 220 லிட்டரில் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அமோனியா கிடைக்கும். நாட்டுமருந்துக் கடை நவச்சாரமும் பெயருக்கு இதே பொருள்தான். ஆனால் ஈயம் பூசுவதற்கு விற்கும் சரக்கில் வேறு என்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதை வாங்குங்கள். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் நாள் கொஞ்சம் குறையும்.

இரண்டு நாளுக்கொரு முறை டெஸ்ட் கிட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள். அமோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பலரும் அமோனியா 0 ஆனதும் மீன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. மறுபடி 2 பிபிஎம் ஊற்றி, 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 ஆனால்தான் முடிந்தது. அன்று 50 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள்.

இடையில் கண்ணாடியும் மணலும் பழுப்பாகும். டயட்டம் பாசி, சிலிக்கேட்டைத் தின்று வளர்வது. மருந்து வேண்டாம், தீர்ந்ததும் தானே போகும். இந்த நாட்களில் விளக்கை அணைத்தே வைக்கலாம்.

8. மீன்

தொட்டி சைக்கிளில் இருக்கும்போதே 50 லிட்டரில் ஒரு தனித் தொட்டி தயாராக வேண்டும். மணலும் கல்லும் கூடாது, ஒளிய பி.வி.சி. எல்போ நாலு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. அந்த ஸ்பாஞ்ச் மூன்று வாரமாவது பெரிய சம்ப்பில் ஊறியிருக்க வேண்டும். எல்லா மீனுக்கும் இங்கே 30 நாள் தனிவாசம். வெண்புள்ளி நோயும் வெல்வெட் நோயும் கண்ணுக்குத் தெரியாமல் வரும். அவற்றுக்குச் செம்பு மருந்து இந்தத் தொட்டியில்தான் போடலாம். பெரிய தொட்டியில் போட்டால் இறால் சாகும்; கல் செம்பை உறிஞ்சிக்கொள்ளும்.

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வரும் மீன் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பையிலேயே இருக்கும். பைக்குள் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.ஹெச். இறங்கியிருப்பதால் அமோனியா அதிகம் உறுத்தாது. பையைத் திறந்ததும் பி.ஹெச். ஏறி அதே அமோனியா விஷமாகும். அதனால் சொட்டுச்சொட்டாக ஒரு மணி நேரம் பழக்கும் முறை இங்கே கெடுதல். வருவதற்கு முன்பே கடைக்காரரிடம் பிபிடி கேட்டுத் தனித் தொட்டியை அதற்குச் சமமாக வையுங்கள். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்த உடனே மீனை மட்டும் மாற்றுங்கள். பைத்தண்ணீர் அங்கணத்துக்கு.

முதலில் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. தீவனம் தின்னப் பழகியிருக்கும். அடுத்துக் கார்டினல், கோபி, ஃபயர்ஃபிஷ். டேம்சல் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, கடைசியில். முதலில் விட்டால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பிறகு வருவதையெல்லாம் கடித்துத் துரத்தும். மொத்தம் ஆறு, ஏழு மீன். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வார இடைவெளி. பாக்டீரியா புதுக் கழிவுக்கு ஏற்பப் பெருக அவ்வளவு நாள் வேண்டும். நீல டேங் மீன் இந்தத் தொட்டிக்கு வேண்டாம், அதற்கு 6 அடியும் போதாது. ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும். மேலே கண்ணாடி போட்டு மூடாமல் வலை போடுங்கள். மூடினால் ஆவி போகாது, சூடு இறங்காது.

9. ஓடும் தொட்டிக்கு

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். 10 லிட்டர் குறைந்தால் 35 பிபிடி 36.7 ஆகிவிடும். ஈடுகட்ட ஊற்றுவது எப்போதும் 0 டி.டி.எஸ். நல்ல தண்ணீர். மேல்காற்று நாளில் ஃபேன் ஓடினால் தினம் 4, 5 லிட்டர் போகும். மிதவை வைத்த ஆட்டோ டாப்-அப் வாங்குவது வீண் செலவில்லை. ஆனால் அதன் வாளி 20 லிட்டருக்கு மேல் பெரிதாக வேண்டாம். மிதவை சிக்கிக்கொண்டால் வாளி முழுவதும் சம்ப்பில் இறங்கும். சம்ப் தாங்கும் அளவே வாளி.

வாரம் 20 லிட்டர் மாற்றுங்கள். வெப்பமும் பிபிடியும் சமமாக்கியே ஊற்றுங்கள். ஸ்கிம்மர் கோப்பையை மூன்று நாளுக்கொரு முறை கழுவுங்கள். கழுத்தில் அழுக்கு படிந்தால் நுரை ஏறாது.

தசராவுக்குக் குலசைக்கோ வேறு ஊருக்கோ நாலு நாள் போவதானால், பக்கத்து வீட்டில் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துப் பசிக்கிறது என்று இரக்கப்பட்டு அள்ளிப் போட்டுவிடுவார்கள். வளர்ந்த மீனுக்கு மூன்று, நான்கு நாள் தீவனமில்லாமல் ஒன்றும் ஆகாது. அதைவிட நாள் கூடினால், ஒரு வேளைத் தீவனத்தைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, மேலே தேதி எழுதி வைத்துவிட்டுப் போங்கள். டப்பாவைப் பீரோவில் பூட்டிவிடுங்கள்.